ரப்பரை அளக்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் விலாவில் பழைய டயர்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். படகு கரையோடு மெல்ல வந்து சாயும்போது டயர் மெத்தைபோல அமுங்கிக்கொடுக்கிறது. அலை தள்ளி அதே படகு வேகமாக வந்து இடித்தால் அதே டயர் விறைத்துக்கொள்கிறது. முன்பு அமுங்கிய அளவுக்கே அமுங்க இப்போது கூடுதல் விசை கேட்கிறது. டயரும் அதேதான், படகும் அதேதான். வேகம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மணலிப் பக்கம் ரப்பர் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்தின் சோதனை அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். சரக்கு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஷோர் எவ்வளவு?" என்றுதான். ரப்பர் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் அது. அறுபது என்றால் தலையசைப்பார்கள்; ஐம்பத்தைந்து என்றால் முகம் சுளிப்பார்கள். இரும்புக் கம்பிக்கு வலிமை இவ்வளவு என்று ஓர் எண் சொல்வதுபோல ரப்பருக்கும் ஓர் எண் சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை கடைக்காரர்களிடம் மட்டுமல்ல, பொறியியல் படித்தவர்களிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. ரப்பரைப் பற்றி யாராவது ஓர் எண் சொன்னால், எவ்வளவு நேரத்தில் அளந்தீர்கள், எந்த வெப்பநிலையில், எவ்வளவு தூரம் இழுத்து, அதற்கு முன் அந்தத் துண்டை என்ன செய்திருந்தீர்கள் என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன். பள்ளி இயற்பியல் மறந்துபோனவர்களும் தொடர்ந்து வரலாம்.

பரோட்டா மாவும் ரயில் பெட்டியும்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் எந்தப் பரோட்டாக் கடை முன்பும் நின்று பாருங்கள். இப்போதுதான் பிசைந்த மாவை மாஸ்டர் இழுத்துவிட்டால் அது சுருங்கித் தன் இடத்துக்கே திரும்பும். அதே மாவை உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊறவைத்தபின் இழுத்தால் இழுத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. ஊறும் நேரத்தில் மாவுக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது.

மாவுக்குள் இரண்டு குணங்கள் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று, விட்டால் திரும்பிவரும் குணம். இதற்கு மீட்சி என்று பெயர். எஃகுச் சுருள்வில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு விசை வேண்டும். மெல்ல இழுத்தாலும் வெடுக்கென்று இழுத்தாலும் கணக்கு ஒன்றுதான். இன்னொன்று, ஒழுகிப்போகும் குணம். இதற்குப் பாகுநிலை என்று பெயர். வெல்லப்பாகில் கரண்டியை மெல்ல நகர்த்தினால் எளிதாக நகரும். வேகமாக நகர்த்தினால் கையைப் பிடித்து நிறுத்தும். இங்கே விசையைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, வேகம். கரண்டியை நிறுத்திவிட்டால் எதிர்ப்பும் நின்றுவிடும், பாகு பழைய இடத்துக்குத் திரும்பாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் பெரம்பூருக்குப் போகலாம். 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலையின் பழைய வடிவமைப்புப் பெட்டிகளில், சக்கர அச்சுக்கு மேலே சுருள்வில் ஒன்று இருக்கும். அதற்குள்ளே எண்ணெய் நிரம்பிய உருளையும், அந்த எண்ணெயில் மேலும் கீழும் போய்வரும் உலக்கை போன்ற பாகமும் இருக்கும். இந்த எண்ணெய் அமைப்புக்கு டேஷ்பாட் என்று பெயர். வில் எடையைத் தாங்குகிறது. டேஷ்பாட் ஆட்டத்தை விழுங்குகிறது. வில் மட்டும் இருந்தால் பெட்டி பேசின் பிரிட்ஜ் தாண்டியும் குலுங்கிக்கொண்டே போகும். டேஷ்பாட் மட்டும் இருந்தால் பெட்டி மெல்ல அமிழ்ந்து அப்படியே கிடக்கும்.

வில்லையும் டேஷ்பாட்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாதபடி ஒரே உடலுக்குள் வைத்திருக்கும் பொருள்தான் ரப்பர். இந்த இரட்டைக் குணத்துக்குப் பாகுமீட்சி என்று பெயர். தொழிற்கூடங்களில் விஸ்கோஎலாஸ்டிக் என்பார்கள்.

உள்ளே ஒரு வலை

காசிமேட்டில் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களைக் கவனித்திருந்தால் ரப்பரின் உட்புறத்தைப் பாதி புரிந்துகொண்டுவிட்டீர்கள். ரப்பரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் மிக நீண்ட நூல். இன்னும் பதப்படுத்தாத பச்சை ரப்பரில் இந்த நூல்கள் முடிச்சில்லாமல் குவிந்து கிடக்கின்றன. மெல்ல இழுத்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நழுவிவிடும். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தத் தொல்லை நீங்குகிறது என்று 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். கந்தகம் அங்கங்கே இரண்டு நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. இந்த முடிச்சுக்குக் குறுக்குப்பிணைப்பு என்று பெயர். நூல் குவியல் வலையாகிவிட்டது; இனி எவ்வளவு இழுத்தாலும் நூல்கள் முற்றிலும் நழுவிப்போக முடியாது.

வலையை இழுத்தால் சுருண்டு கிடந்த நூல்கள் நேராகின்றன. விட்டால் மீண்டும் சுருண்டுகொள்கின்றன. ஏன் சுருள வேண்டும்? எஃகுவில்லில் அணுக்களுக்கிடையே உள்ள தூரமே சற்று நீள்கிறது, அதனால் அவை திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ரப்பரில் நடப்பது வேறு. வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. நேராக நிற்க ஒரே ஒரு வழிதான். சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள். துடிக்கும் நூல் பெரும்பாலும் சுருண்டுதான் இருக்கும். ரப்பரைச் சுருங்க வைப்பது அந்தத் துடிப்புதான்.

இதை உங்கள் உதட்டால் அறியலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சற்றுப் பொறுத்துச் சட்டென்று தளர்த்தி மீண்டும் உதட்டில் வையுங்கள், குளிர்ச்சி தெரியும். 1805இல் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் உதட்டில் வைத்துத்தான் இதைக் கண்டறிந்தார். எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் இரும்புபோல நீளாமல் சுருங்கும் என்பதையும் அவர் குறித்துவைத்தார். பிறகு இயற்பியலர் ஜேம்ஸ் ஜூல் 1859இல் இதைத் துல்லியமாக அளந்து வெளியிட்டார்.

சரி, நேரம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு நூலும் பக்கத்து நூல்களோடு உரசிக்கொண்டு, சிக்கலுக்குள்ளே வழி தேடித்தான் நகர முடியும். திருவொற்றியூர்த் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மெல்ல நகர்ந்தால் எப்படியும் வெளியே வந்துவிடலாம். ஓட நினைத்தால் கூட்டம் சுவராகிவிடும். ரப்பரும் அப்படித்தான். மெல்ல இழுத்தால் நூல்கள் விலகி வழிவிடுகின்றன. வேகமாக இழுத்தால் விலக நேரம் கிடைக்காமல் விறைக்கின்றன. உரசலில் செலவான ஆற்றல் சூடாகிவிடுகிறது. டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளைச் சேர்த்தால் வலிமை கூடும், உரசலும் கூடும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: ரப்பர் என்பது முடிச்சுப் போட்ட நூல் வலை. முடிச்சும் வெப்பத் துடிப்பும் மீட்சியைத் தருகின்றன. நூல்களின் உரசல் பாகுநிலையைத் தருகிறது. உரசல் நேரத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. அதனால் அளவீடும் அவற்றைப் பொறுத்தது.

இழுத்துப் பார்க்கும் சோதனை

இரண்டு சொற்கள் வேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு. நீண்ட அளவை முதல் நீளத்தால் வகுத்தால் திரிபு. 20 மில்லிமீட்டர் நீளம் 80 ஆனால் நீண்டது 60. திரிபு 300 சதவீதம். தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைப்பது குணகம், அதாவது விறைப்பின் அளவு. எஃகுக்கு இது ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல்; மென்மையான ரப்பருக்கு ஒன்றிரண்டு மெகாபாஸ்கல்.

சோதனை அறையில் ரப்பர்த் தகட்டிலிருந்து டம்பெல் வடிவத்தில் துண்டு வெட்டுவார்கள். இரு முனைகளும் அகலம், நடுப்பகுதி குறுகல். பிடியில் அறுந்துபோகாமல் நடுவில் அறுவதற்காக இந்த வடிவம். இழுவை எந்திரம் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கும். இந்த வேகம் வழக்கத்துக்காக எழுதி வைத்ததல்ல. நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டரில் இழுத்தால் வேறு வளைகோடு வரும். இந்தியத் தரமான ஐ.எஸ். 3400இன் முதல் பகுதி இந்தச் சோதனைக்கானது.

இங்கே ஒரு சொல் பலரைக் குழப்புகிறது. ரப்பர்த் தொழிலில் "300 சதவீத மாடுலஸ்" என்பார்கள். அது குணகமே அல்ல. முதல் நீளத்தைப்போல நான்கு மடங்காக நீளும்போது இருக்கும் தகைவு, அவ்வளவுதான். ரப்பரின் வளைகோடு நேர்க்கோடு அல்ல. முதலில் கொஞ்சம் விறைப்பு, பிறகு தளர்வு, கடைசியில் நூல்கள் நேராகி முடியும்போது கடும் விறைப்பு. எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று சொல்லாமல் ரப்பருக்குக் குணகம் சொல்ல முடியாது.

முன்வரலாறு பற்றியும் கேட்க வேண்டும் என்றேன் அல்லவா? அதற்குப் பலூன் போதும். புதுப் பலூனை முதல்முறை ஊதக் கன்னம் வலிக்கும். காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதினால் எளிதாக ஊதலாம். முதல் இழுப்பிலேயே உள்ளே சில பிடிப்புகள் விட்டுப்போகின்றன. 1940களில் இதை ஆராய்ந்த லெனார்ட் முல்லின்ஸ் பெயரால் இது முல்லின்ஸ் விளைவு எனப்படுகிறது. கரித்தூள் சேர்த்த ரப்பரில் இது இன்னும் வலுவாகத் தெரியும். பயன்பாட்டில் ஆயிரம் தடவை அமுங்கி எழப்போகும் பாகத்தின் விறைப்பை அறிய, புதுத் துண்டின் முதல் இழுப்பை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். சில தடவை இழுத்துவிட்டுத் தளர்த்தி, அதன்பிறகு வரும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும். பலூனைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். 1946இல் இதே திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத்தான் தொடங்கியது. ரப்பரோடு வடசென்னைக்குள்ள உறவு அவ்வளவு பழையது.

ஷோர் எண் சொல்வதும் சொல்லாததும்

ஷோர் மீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. அடியில் நுனி மழுங்கிய சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஒரு வில். ரப்பரின் மேல் வைத்து அழுத்தினால் ஊசி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதை முள் காட்டும். ஊசி இறங்கவே இல்லை என்றால் 100. ஊசியின் நீளமான இரண்டரை மில்லிமீட்டரும் முழுதாக இறங்கினால் 0. சாதாரண ரப்பருக்கு ஷோர் ஏ அளவு. கடினமான பிளாஸ்டிக் வகைகளுக்குக் கூர்மையான ஊசியுள்ள ஷோர் டி. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஏ அளவில் 60 என்பதும் டி அளவில் 60 என்பதும் முற்றிலும் வேறு பொருள்கள். எழுத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களிடம் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மலிவானது, விரைவானது, பாகத்தை வெட்டாமலே அளக்கலாம். அதனால்தான் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் நாள் முழுவதும் அதைக் கையில் வைத்திருந்தவன்தான். ஆனால் அந்த முள்ளை நீங்கள் உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? அழுத்தியதும் மேலே தாவும். பிறகு நிற்காமல் மெல்லக் கீழே வரும். ஊசி அழுத்திக்கொண்டே இருக்க, நூல்கள் விலகி வழிவிட, ஊசி இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

ஒருமுறை எங்கள் அறையிலிருந்து அதிர்வு தாங்கும் திண்டுகள் ஒரு தொகுதி போயின. எங்கள் தாளில் 62. வாங்கியவர் அளந்தபோது 57. வரம்புக்குக் கீழே என்று முழுச் சரக்கும் திரும்பி வந்துவிட்டது. கலவையில் தவறு என்று எல்லோரும் கலவை போட்டவரையே குற்றம் சொன்னார்கள். அவரும் தலைகுனிந்து நின்றார். நான் அந்தத் திண்டுகளையே மீண்டும் எடுத்து, கையில் கைக்கடிகாரத்தோடு அளந்தேன். முள் தொட்ட கணத்தில் 62; 15 வினாடி கழித்து 58. மீதி ஒன்று, திண்டு லாரியில் வெயிலில் வந்து இறங்கிய சூட்டோடு அளந்ததால் வந்தது. இருவர் எண்ணும் சரிதான். கேள்விதான் வேறு வேறு. எந்த வினாடியில் படிக்க வேண்டும் என்று ஆர்டரில் யாரும் எழுதவில்லை. கலவை போட்டவரிடம் அன்று மன்னிப்புக் கேட்டவர்கள் குறைவு என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

அன்றிலிருந்து ஷோர் எண் எழுதும்போது நேரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். துண்டு குறைந்தது 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி அடியிலுள்ள மேசையின் கடினத்தையும் சேர்த்து உணரும். ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டராவது தள்ளி அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்த எண்ணை நம்பாமல், ஐந்து இடங்களில் அளந்து நடு எண்ணை எடுக்க வேண்டும். துண்டு அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பன்னாட்டுத் தரம் 23 டிகிரி செல்சியஸ் என்கிறது, வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரி. மே மாதத்தில் மணலித் தகரக் கொட்டகைக்குள் அளந்த எண் இந்த இரண்டிலும் சேராது.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் ஷோர் எண் சொல்வது மேற்பரப்பில் ஒரு சிறு குழிக்கான எதிர்ப்பை மட்டும். பாகம் நீண்டநாள் தாங்குமா, அதிர்வை விழுங்குமா, அமுக்கிவிட்டால் திரும்பி எழுமா என்று அதைக் கேட்டால் பதில் வராது. ஒரே 60 காட்டும் இரண்டு ரப்பர்களில் ஒன்று பந்துபோலத் துள்ளும், இன்னொன்று களிமண்போல விழுந்து கிடக்கும்.

அமுக்கியே வைத்திருந்தால்

குக்கர் காஸ்கெட் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பாகுமீட்சிப் பாடம். புதிதாக இருக்கும்போது மூடி இறுகப் பிடிக்கும். சில மாதங்களில் ஆவி கசியும். காஸ்கெட்டை எடுத்துப் பார்த்தால் கிழிசல் இருக்காது, தட்டையாகிப் போயிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிரில் சற்று இறுகும், போன வடிவம் திரும்பாது.

இதில் ஒன்றுக்கொன்று உறவுள்ள மூன்று அளவுகள் உள்ளன. எடையை மாற்றாமல் வைத்திருந்தால் ரப்பர் நேரம் போகப் போக மேலும் நீளும், இது ஊர்வு. நீளத்தை மாற்றாமல் பிடித்துவைத்திருந்தால் அது எதிர்த்து இழுக்கும் விசை நேரம் போகப் போகக் குறையும்; இது தகைவுத் தளர்வு. ஊறிய பரோட்டா மாவில் நடந்தது இதுதான். மூன்றாவது, விட்டபிறகும் திரும்பாமல் தங்கிவிடும் பங்கு. தொழிலில் இதைக் கம்ப்ரெஷன் செட் என்கிறார்கள். நீர் கசியக்கூடாத இடங்களுக்கு ரப்பர் வாங்கும்போது ஷோர் எண்ணைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

அளப்பது எளிது. 12.5 மில்லிமீட்டர் உயரமுள்ள பொத்தான் போன்ற துண்டு. இரு எஃகுத் தகடுகளுக்கிடையே 9.5 மில்லிமீட்டருக்கு அமுக்கித் திருகிவிடுவோம். அமுங்கியது 3 மில்லிமீட்டர். 70 டிகிரி அடுப்பில் 22 மணி நேரம் வைப்பது பரவலான முறை. வெளியே எடுத்து, தளர்த்தி, அரை மணி நேரம் கழித்து அளக்கிறோம். உயரம் 11.9 என்று வைத்துக்கொள்வோம். திரும்பாதது 0.6. மூன்றில் 0.6 என்பது 20 சதவீதம். இதுதான் கம்ப்ரெஷன் செட். எண் குறையக் குறைய நல்லது. இங்கேயும் கடிகாரம் இருக்கிறது: அரை மணிக்குப் பதிலாக ஒரு நாள் கழித்து அளந்தால் துண்டு இன்னும் கொஞ்சம் எழுந்திருக்கும்.

சுருக்கமாக: இழுவைச் சோதனை வலிமையைச் சொல்கிறது, ஷோர் ஒரு விரைவான அடையாளத்தைத் தருகிறது, செட் நீண்டநாள் நம்பிக்கையைச் சொல்கிறது. இவை மூன்றும் ரப்பருக்குள் வில் எவ்வளவு, டேஷ்பாட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. அதற்கு ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டிப் பார்ப்பது

ஒரு கையால் சுருள்வில்லின் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எதிர்ப்பு எப்போது அதிகம்? கை எல்லையைத் தொடும்போது, அதாவது வில் மிக அதிகமாக நீண்டிருக்கும்போது. இனி கையை நீர் நிறைந்த வாளிக்குள் விட்டு அதேபோல ஆட்டுங்கள். எல்லையைத் தொடும்போது கை ஒரு கணம் நிற்கிறது. நீரின் எதிர்ப்பு இல்லை. நடுவில் வேகமாகக் கடக்கும்போதுதான் எதிர்ப்பு அதிகம். வில்லில் விசை தூரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. நீரில் விசையின் உச்சமும் தூரத்தின் உச்சமும் கால் சுற்று விலகி நிற்கின்றன. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி என்றால் கால் சுற்று 90 டிகிரி.

ரப்பரை ஆட்டினால் இந்த விலகல் 0க்கும் 90க்கும் நடுவே எங்கோ விழும். 5 டிகிரி என்றால் அது பெரும்பாலும் வில். 40 டிகிரி என்றால் டேஷ்பாட்டின் பங்கு மிகுதி. இந்தக் கோணத்தை அளக்கும் எந்திரத்துக்கு டி.எம்.ஏ. என்று பெயர். சிறு ரப்பர்த் துண்டைப் பிடித்து, குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில் மிகச் சிறிய அளவுக்கு ஆட்டி, விசையையும் அசைவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டும். வில்லாக இருந்து திருப்பித் தந்த பங்கு சேமிப்புக் குணகம். உரசலில் சூடாகப் போன பங்கு இழப்புக் குணகம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் டான் டெல்டா. ரப்பரைப் பற்றிய எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது ரப்பரின் இரட்டைக் குணத்தை நேராகப் பார்க்கிறது.

இது காகிதக் கணக்கு அல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி நின்றதும் டயரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் டயரின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்கு ஐந்து முறைக்கு மேல் தரையில் அமுங்கி எழுகிறது; மணிக்கு ஏறத்தாழ 19,000 முறை. ஒவ்வொரு முறையும் உள்ளே போன ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராமல் சூடாகிறது. அந்தச் சூட்டுக்கான விலையை டீசலாகக் கொடுக்கிறோம். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளிகிறது, அதிகமாகச் சூடாகிறது, கடைசியில் வெடிக்கவும் செய்கிறது. அப்படியானால் டான் டெல்டா மிகக் குறைந்த ரப்பரால் டயர் செய்தால் என்ன? செய்தால் ஈரச் சாலையில் வழுக்கும். பிரேக் பிடிக்கும்போது ரப்பர் சாலையின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களை உரசி ஆற்றலை விழுங்க வேண்டும். அங்கே டான் டெல்டா அதிகம் வேண்டும்.

ஒரே டயர் உருளும்போது விழுங்கக்கூடாது, பிரேக்கில் விழுங்க வேண்டும். இது எப்படி முடியும்? இரண்டும் வெவ்வேறு வேகங்களில் நடப்பதால் முடியும். உருளுதல் வினாடிக்குச் சில அசைவுகள். சாலையின் நுண்மேடுகளை உரசுவது வினாடிக்கு ஆயிரக்கணக்கில், பத்து லட்சம் வரை.

குளிர்விப்பதும் வேகப்படுத்துவதும்

வினாடிக்குப் பத்து லட்சம் முறை டி.எம்.ஏ. எந்திரத்தால் ஆட்ட முடியாது. பதிலுக்கு ரப்பரைக் குளிர்விப்பார்கள். வெப்பத் துடிப்புதானே நூல்களை விலக வைக்கிறது? குளிரில் துடிப்பு குறையும், நூல்கள் சோம்பும், சாதாரண வேகம்கூட அவற்றுக்கு மிக வேகமாகத் தெரியும். குளிர்விப்பது என்பது வேகப்படுத்துவதற்குச் சமம். இந்தச் சமன்பாட்டை 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி மூவரும் வகுத்தார்கள். அதனால்தான் டயர் ஆய்வுக்கூடங்கள் 60 டிகிரியில் டான் டெல்டாவைப் பார்த்து எரிபொருள் செலவை ஊகிக்கின்றன. 0 டிகிரியில் பார்த்து ஈரப் பிடிப்பை ஊகிக்கின்றன. முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருக்கும் கலவையே நல்ல டயர்க் கலவை. 0 டிகிரியைச் சென்னைச் சாலை ஒருநாளும் காணாது. ஆனாலும் அந்த எண் சென்னை மழையில் போகும் நமக்காகத்தான்.

குளிரை எல்லைவரை கொண்டுபோனால் நூல்கள் அறவே அசையாமல் ரப்பர் கண்ணாடிபோல நொறுங்கும். இயற்கை ரப்பருக்கு இது ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி. அந்த எல்லைக்கு வெகு முன்பே, ரப்பர் உடையாமலே, தாமதமாகத் திரும்புவதாலேயே பேரிழப்பு நேரலாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம், ஏறத்தாழ 2 டிகிரிக் குளிரில், மூட்டு விரிந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து எழவில்லை. விசாரணையில் இயற்பியலர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பர்த் துண்டைச் சிறு கிளாம்பில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்து, கிளாம்பைத் தளர்த்திக் காட்டினார். துண்டு சில வினாடிகள் திரும்பவே இல்லை. வளையத்தின் ஷோர் எண்ணும் வலிமையும் அங்கே கேள்வியே அல்ல. எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கமும் உண்டு. சைக்கிள் டியூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் ரப்பரால் ஒரு பந்து செய்தால் அறை வெப்பத்தில் ஏறக்குறையத் துள்ளவே துள்ளாது. வெந்நீரில் போட்டு எடுத்தால் துள்ளும். உரசல் குறைந்துவிட்டது.

துறைமுகத்தில் கப்பல் அணையும் இடங்களில் இடிப்பைத் தாங்க இருக்கும் பெரிய ரப்பர் ஃபெண்டர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றைத் தொழிற்சாலையில் நிமிடத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அமுக்கிச் சோதிப்பது வழக்கம். கப்பலோ வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வந்து தொடுகிறது. அதனால் சோதனையில் வந்த விசையை வேகத்துக்காக ஒரு முறையும் வெப்பநிலைக்காக ஒரு முறையும் திருத்தியபிறகே வடிவமைப்பில் பயன்படுத்துகிறார்கள். காசிமேட்டுப் படகில் தொங்கும் டயருக்கு இந்தத் திருத்தத்தைச் செய்வது படகோட்டியின் கை. கடைசிச் சில அடிகளில் எஞ்சினைத் தணித்துவிடுகிறார்.

வீட்டில் செய்து பார்க்க

ஓர் அகலமான ரப்பர் பேண்ட், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்கேல், ஒரு கடிகாரம் போதும். ரப்பர் பேண்டை முதலில் நான்கைந்து முறை நன்றாக இழுத்துவிடுங்கள். முல்லின்ஸ் விளைவு இங்கேயே தீர்ந்துவிடட்டும். ஆணியில் மாட்டி, அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் அளவுக்குப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். மின்விசிறிக் காற்றும் வெயிலும் படாத இடமாக இருக்கட்டும். 1 நிமிடத்தில் நீளத்தைக் குறியுங்கள். பிறகு 10 நிமிடத்தில், 100 நிமிடத்தில், 1,000 நிமிடத்தில். இரவு 8 மணிக்குத் தொடங்கினால் கடைசி அளவு மறுநாள் பகல் 12.40க்கு.

ஒவ்வொரு அளவுக்கும் இடையே கூடிய நீளத்தைக் கணக்கிடுங்கள். முதல் ஒன்பது நிமிடத்தில் கூடியதும், அடுத்த தொண்ணூறு நிமிடத்தில் கூடியதும், அதற்கடுத்த தொள்ளாயிரம் நிமிடத்தில் கூடியதும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதைப் பார்ப்பீர்கள். நேரம் பத்து மடங்காகும்போதெல்லாம் ஒரே அளவு ஊர்வு. பகலில் அறை சூடேறினால் கடைசி எண் சற்று விலகும். அதனால் ஒவ்வொரு நீளத்துக்கும் பக்கத்தில் அறை வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். பாட்டிலைக் கழற்றியதும் பேண்டின் நீளத்தை உடனே ஒருமுறையும், அரை மணி நேரம் கழித்து இன்னொருமுறையும் அளந்து அதே தாளில் சேருங்கள்.